மூணுக்குக் கொடுத்த மைசூர்பாகு

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இதை வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. எந்த மேடையில் மைக் கிடைத்தாலும் முதல் வரியாக இதைத்தான் சொல்வேன். கேட்கிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும், அப்புறம் நான் சாதித்ததை வரிசையாக எடுத்துவிட வேண்டும், அதுதான் கணக்கு. லாரி புக்கிங் ஆபீசில் ஆரம்பித்து, துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டைப் பார்த்த மாடியில் திருமணத் தகவல் மையம் வைத்து, கோயமுத்தூர் பக்கத்தில் ஜாதகத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய முதல் ஆள் நான்தான் என்பது வரை ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். முதல் ஆள்தானா என்பது எனக்கே நிச்சயமில்லை. இதுவரை யாரும் மறுத்துப் பேசவில்லை.

மேடையில் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று உண்டு. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

லாரி புக்கிங் என்பது லோடு எங்கே கிடக்கிறது, காலி லாரி எங்கே நிற்கிறது என்று பார்த்து இரண்டையும் கோத்துவிடுகிற வேலை. பதினைந்து வருஷம் அதைச் செய்ததில், பெருந்துறையிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் எந்தத் தோட்டம் யாருடையது, யாருக்கு எந்த ஊரில் சம்பந்தம் என்பதெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. லாரிக்காரர்களே தம்பிக்குப் பெண் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். லோடுக்கு லாரி பார்த்தவன் மாப்பிள்ளைக்குப் பெண் பார்க்கத் தொடங்கினேன். இரண்டுக்கும் நடுவில் நான் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு நூல் மில் தன் கம்ப்யூட்டர் பிரிவை மூடியது. அங்கிருந்த பெரிய பெட்டியை நான் வாங்கினேன். பெட்டி வந்தால் போதாது, அதைப் பேச வைக்க ஆள் வேண்டுமே. மில்லில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தர், நாற்பது வயதிருக்கும், தன் சர்ச் வளாகத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை தோறும் வந்து பார்த்துக்கொடுக்கச் சம்மதித்தார். நான் அவரை டீச்சரம்மா என்பேன். அவருக்கு நான் அண்ணா.

டீச்சரம்மா அடிக்கடி செய்கிற வேலைகளுக்கு எல்லாம் கட்டளைகளை ஒரு தடவை எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். ஸ்டோர்டு புரொசீஜர் என்று அதற்குப் பெயர். நான் விவரத்தைத் தட்டிப் பொத்தானை அமுக்கினால் உள்ளே இருக்கிற கட்டளை தானாக ஓடும். அதில் ஒன்று, நிச்சயமான பெண்ணின் ஜாதகத்தில் 'முடிந்தது' என்று குறி போடுவது. குறி விழுந்துவிட்டால் அப்புறம் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போகிற எந்தப் பட்டியலிலும் அவள் வரமாட்டாள். உள்ளே இருந்தது ஒரே ஒரு அப்டேட் கட்டளை. இன்ன பெண் எவளோ, அவள் வரியில் 'முடிந்தது' என்று மாற்று. அவ்வளவுதான்.

இன்ன பெண் என்று பெட்டிக்கு எப்படிச் சொல்வது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்துவிடலாம் என்றார் டீச்சரம்மா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெண் பிள்ளைகளுக்கு நம்பர் குத்த இதென்ன மாட்டுச் சந்தைங்களா என்று கேட்டேன். சரி, பெயராவது போடுங்கள் என்றார். அதற்கும் மாட்டேன் என்றேன். எங்கள் பக்கத்தில் பெண்ணின் பெயரைத் தாளில் எழுதி முன்பின் தெரியாத வீடுகளுக்கு அனுப்புவதை அன்றைக்கு யாரும் விரும்ப மாட்டார்கள். இன்ன ஊர், இன்ன கூட்டம், இன்ன நட்சத்திரம் என்றால் போதும், பெரியவர்கள் புரிந்துகொள்வார்கள். கூட்டம் என்பது எங்கள் பங்காளி வகையறா. ஒரே கூட்டத்துக்குள் எல்லோரும் அண்ணன் தங்கை முறை, கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஊர், கூட்டம், நட்சத்திரம் மூன்றும் சேர்ந்தால் ஆளைப் பிடித்துவிடலாம், எங்கள் தாத்தன் பாட்டன் எல்லாம் அப்படித்தான் பிடித்தார்கள் என்று நான் மேஜையைத் தட்டிச் சொன்னேன். "ஒரே மாதிரி ரெண்டு பேர் வந்தா மாட்டிக்குவீங்கண்ணா" என்று டீச்சரம்மா சொன்னார். வராது என்றேன். அவர் எழுதிக்கொடுத்துவிட்டார்.

ஒரு ஊரில் பாதிக்கு மேல் ஒரே கூட்டமாகத்தான் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நட்சத்திரம் மொத்தம் இருபத்தேழுதான் என்பதும் தெரியும். தெரிந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை.

கட்டளை ஓடி முடிந்ததும் திரையின் கீழே இங்கிலீஷில் ஒரு வரி வரும். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, நம்பர் மட்டும் தெரியும். பெரும்பாலும் 1 என்று வரும். டீச்சரம்மா ஆரம்பத்திலேயே அது என்ன என்று விளக்கினார். நான் ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டிக்கொண்டே கீழே கடைக்குப் போன் பண்ணி டீ சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு நானாகவே ஒரு அர்த்தம் கண்டுபிடித்தேன். அது பெட்டியின் உழைப்பு. ஒரு தட்டுக்கு எத்தனை வேலை செய்தது என்று அதுவே சொல்கிறது. ஒரு நாள் 2 வந்தது. எனக்குத் தாங்கவில்லை. ஒரு அமுக்குக்கு ரெண்டு வேலை செய்யுதுங்க என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னேன். 1 வந்த நாட்களில் பெட்டிக்கு உடம்பு சரியில்லையோ என்று மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஒரு ஆடி கழிந்த சமயத்தில் 3 வந்தது.

அன்றைக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிவரச் செய்தேன். மாடிக்குக் கீழே உரக்கடை வைத்திருந்தவருக்கு, பக்கத்துச் சைக்கிள் கடைக்கு, எதிரே இருந்த டாக்டர் கிளினிக்கில் காத்திருந்த நோயாளிகளுக்குக்கூடக் கொடுத்தேன். உரக்கடைக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். மூணுங்க என்றேன். அவர் என் மனைவிக்கு மூணு மாசமா, இந்த வயதிலா என்று நினைத்து என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பெருந்துறைக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தன் மூத்த மகளின் ஜாதகத்தை என்னிடம் பதிந்திருந்தார். மாதம் இரண்டு தடவை பஸ் ஏறி வருவார். பையில் ஆறு தேங்காய் இருக்கும். மழையைப் பற்றி, மஞ்சளைப் பற்றி, மோட்டாருக்குக் கரண்ட் வராததைப் பற்றிப் பேசுவார். மகளைப் பற்றி மட்டும் வாயைத் திறந்து கேட்க மாட்டார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏதாச்சும் வந்தாச் சொல்லி அனுப்புங்க" என்பார். நானும் பட்டியல் ஒன்றைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, வருமுங்க என்பேன். மாதங்கள் போகப் போக, ஏன் ஒன்றுமே வரவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் வேண்டியிருந்தது. உங்கள் பெண் ஜாதகம் கொஞ்சம் கடினமுங்க, செவ்வாய் சரியில்லை என்றேன். எனக்கு ஜோசியம் தெரியாது. அவர் அதையும் மறுத்துப் பேசவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மகளே வந்தாள். தனியாக. பெண் பிள்ளை தனக்காகத் தானே வருவது என் ஆபீசில் அதுதான் முதல் தடவை. பெருந்துறை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிற வேலை. அவளோடு வேலை செய்கிற பெண்ணுக்குச் சென்னிமலை. அந்தப் பெண்ணின் அண்ணனுக்குத்தான் நான் போன வாரம் பதினான்கு ஜாதகம் அனுப்பியிருந்தேன். உங்கள் ஊர்ப் பெண் யாராவது இதில் இருக்கிறார்களா என்று தோழி பட்டியலைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். இவள் ஊரே அதில் இல்லை.

நான் வழக்கம்போல வாங்க கண்ணு, உட்காருங்க, அப்பா நல்லாருக்காருங்களா என்று ஆரம்பித்தேன். அவள் உட்காரவில்லை.

"பதினொரு மாசமா எங்கப்பா இங்க வந்துட்டிருக்காருங்க. செவ்வாய் சரியில்லைன்னு நீங்க சொன்னதுக்கு எங்கம்மா செவ்வாய்க்கிழமையானா வெறும் வயித்தோட கிடக்கறாங்க. என்ற ஜாதகம் உங்க பொட்டிக்குள்ள இருக்குதுங்களா, இல்லீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

நான் தட்டிப் பார்த்தேன். அவள் ஊர் பட்டியலில் வரவே இல்லை. வோல்டேஜ் கம்மியா இருக்குது அம்மணி என்றேன். அவள் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தாள்.

சென்னிமலைக்காரர்கள் வருகிற வியாழக்கிழமை கிருத்திகைக்கு மலைக்குப் போய்ப் பூக் கேட்கப் போகிறார்கள் என்று அப்போதுதான் சொன்னாள். சாமி முன்னால் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து வைத்து, ஒன்றை எடுத்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்த மாதிரி. கையில் இருக்கிற ஜாதகங்களுக்குத்தான் கேட்பார்கள். எனக்கு அந்த மாப்பிள்ளைதான் வேணும்னு இல்லீங்க, எல்லார்த்து தாளோட என்ற தாளும் போகோணும் என்றாள். சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

டீச்சரம்மாவுக்கு ஞாயிறு பூசை. நான் பஸ் பிடித்துப் போய் சர்ச் வாசலில் வேட்டியைச் சரி செய்துகொண்டு நின்றேன். பூசை முடிந்து வந்தவர்கள் எல்லாம் என்னைப் புதிதாகச் சேர வந்தவன் என்று நினைத்து அன்பாகச் சிரித்தார்கள். டீச்சரம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் என்னோடு வந்தார்.

வழியெல்லாம் நான் பெட்டியைத் திட்டிக்கொண்டு வந்தேன். மில் பெட்டி, நூலுக்குப் பழகினது, ஜாதகம் அதுக்கு ஒத்துக்கலை என்றேன். தெற்குப் பார்த்து வைத்தது தப்பு என்றேன். கடைசியில், நீங்கள் எழுதின புரொசீஜரில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்றும் மெதுவாகச் சொல்லிப்பார்த்தேன். அவர் பஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆபீசில் உட்கார்ந்ததும் டீச்சரம்மா எதையும் மாற்றவில்லை. அப்டேட் எந்த நிபந்தனையை வைத்து ஆளைத் தேடுகிறதோ, அதே நிபந்தனையைக் கொடுத்து, மாற்றாமல் வெறுமனே காட்டு என்று மட்டும் கேட்டார். மடையைத் திறப்பதற்கு முன்னால் தண்ணி எந்தெந்த வயலுக்குப் பாயும் என்று வரப்பில் நடந்து பார்ப்பது மாதிரி. இது எனக்கு உடனே விளங்கியது.

மூன்று வரி வந்தது. ஒரே ஊர், ஒரே கூட்டம், மூன்றும் அஸ்தம், தோட்டம் மட்டும் வேறு வேறு. மூன்றிலும் 'முடிந்தது'. மாற்றிய தேதியும் நேரமும் பக்கத்திலேயே இருந்தன.

"மூணு பேருக்கும் ஒரே நிமிஷத்துல நிச்சயம் ஆயிருக்குதுண்ணா" என்றார் டீச்சரம்மா.

நல்ல முகூர்த்தமா இருந்திருக்கும் என்றேன். பழக்க தோஷம்.

"கட்டளை ஓடினதும் கீழ ஒரு வரி வருமே. எத்தனை பேர் வரி மாறிச்சுன்னு. அதைப் பாக்கலைங்களா?"

"பாத்தேனுங்க. மூணுன்னு வந்துது."

"அப்புறம்?"

"மைசூர்பாகு வாங்கிக் குடுத்தேன். உங்களுக்குக்கூட ரெண்டு துண்டு எடுத்து வெச்சிருந்தேன்."

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னலோரம் நின்ற பெண் சிரித்துவிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன், சிரித்தால் பாரம் கொஞ்சம் குறையும் என்றிருந்தது. அவள் சிரிக்கவில்லை. என்ற ஊர்ல அந்த ஆவணியில கல்யாணம் ஆனது ஒருத்திக்குத்தானுங்க என்றாள். அவள் சித்தப்பா மகளாம். இவளே பந்தியில் நின்று பரிமாறியிருக்கிறாள். தங்கைக்குக் கல்யாணம் முடிந்ததும் அக்காவையும் சேர்த்து நான் மூடிப்போட்டிருக்கிறேன். மூன்றாவது பெண் யார் என்றும் அவளே சொன்னாள்.

இதற்கு முன்னாலும் ஒன்றுக்கு மேல் வந்திருக்கிறதா என்று டீச்சரம்மா கேட்டார். 2 பல தடவை வந்துதுங்க என்றேன். ஒரே நிமிஷத்தில் ஒன்றுக்கு மேல் மூடப்பட்டவர்களை எல்லாம் காட்டச் சொன்னார். திரை நிரம்பிக் கீழே ஓடியது. இதில் உண்மையாகக் கல்யாணம் ஆனவர்கள் யார், மைசூர்பாகுக்காரர்கள் யார் என்று பெட்டிக்குத் தெரியாது. பழைய குறியை அழித்துத்தான் புதிய குறியைப் போட்டிருந்தது. எனக்கு ஞாபகசக்தி அபாரம், ஒவ்வொரு பெண்ணும் நினைவிருக்கிறது, படியுங்கள் சொல்கிறேன் என்றேன். முதல் நான்கில் மூன்றைத் தப்பாகச் சொன்னேன். தப்பு என்று எப்படித் தெரிந்தது என்றால், அந்தப் பெண் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

என் ஆபீஸ் சுவரில் ஒரு கம்பி கட்டி, நான் முடித்துவைத்த கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் மாட்டி வைத்திருந்தேன். வருகிறவர்கள் மலைக்க வேண்டும் என்பதற்காக. பத்திரிகையில் ஊர் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, பெண்ணின் பெயரும் இருக்கிறது. என் தற்பெருமை தவிர அந்த ஆபீசில் நம்பகமான பதிவேடு வேறு எதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. மத்தியானம் முழுக்க அவள் ஒவ்வொரு பத்திரிகையாக எடுத்துப் படித்தாள், டீச்சரம்மா திரையில் தேடினார், நான் ஸ்டூலில் ஏறிக் கம்பியிலிருந்து கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டோரில் சரக்கு எண்ணுகிறவள் அல்லவா, எண்ணிக்கை தவறவில்லை. பத்திரிகை இல்லாத பெண்கள் இருபத்தாறு பேர். பட்டியலுக்குத் திரும்ப வர வேண்டியவர்கள்.

டீச்சரம்மா புரொசீஜரை மாற்றினார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நம்பர். அந்த நம்பரை வைத்துத்தான் மாற்றம் நடக்கும். மாறிய வரி ஒன்றுக்கு மேல் போனாலோ, ஒன்றுகூட மாறாவிட்டாலோ, செய்ததை எல்லாம் பழையபடி ஆக்கிவிட்டுத் தமிழில் ஒரு வாக்கியம் வரும்: 'நிறுத்துங்க, டீச்சரைக் கூப்பிடுங்க.' மாட்டுச் சந்தை என்று நான் சொன்னதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. நானே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். என்ற நம்பர் என்னங்க என்று மட்டும் கேட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு.

அவள் தாளை நான் யாரிடமும் கொடுத்து அனுப்பவில்லை. திங்கட்கிழமை நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சென்னிமலைக்கு முன்னால் அவள் ஊரில் இறங்கினேன்.

அவள் அப்பா களத்தில் மஞ்சள் கிளறிக்கொண்டிருந்தார். வழக்கமாக அவர் என்னைத் தேடி வருவார், நான் வந்தது அவருக்குப் புதிது, நல்ல சேதி என்று நினைத்துத் துண்டை உதறித் தோளில் போட்டார். அந்த முகத்தைப் பார்த்தபோது திரும்பிப் பஸ் ஏறிவிடலாமா என்று இருந்தது.

"குறை புள்ளை ஜாதகத்துல இல்லீங்க. என்ற பொட்டியில இருந்துதுங்க" என்றேன். அப்புறம், "பொட்டியிலயும் இல்லீங்க. எங்கிட்டத்தான்" என்றேன்.

நடந்ததை முழுக்கச் சொன்னேன். மைசூர்பாகை மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டே மஞ்சளை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். தண்ணி குடிங்க என்றார். பிறகு, "புள்ளையோட அம்மாகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க" என்றார்.

அந்தம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருபத்தொரு செவ்வாய்க்கிழமைங்க" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். காப்பியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் சூடாகத்தான் இருந்தது, சர்க்கரையும் சரியாகவே போட்டிருந்தார். அதுதான் அதிகம் சுட்டது.

சென்னிமலையில் வியாழக்கிழமை பூக் கேட்டார்கள். அவள் ஜாதகத்துக்குச் சிவப்பு வந்தது. எனக்குத்தான் மனசு ஒடிந்தது. அவள் போன் பண்ணி, என்ற தாளும் போச்சுதுங்கள்ல, அது போதுமுங்க என்றாள். மீதி இருபத்தைந்து வீடுகளுக்கும் நேரில் போய்ச் சொன்னேன். ஏழு வீடுகளில் என்னை நம்பாமல் அவர்களே பெண்ணுக்கு இடம் பார்த்துக் கல்யாணத்தை முடித்திருந்தார்கள். பார்த்தீர்களா, என் பெட்டி முன்கூட்டியே சொல்லியிருக்கிறது என்று உரக்கடைக்காரரிடம் பேசிப்பார்த்தேன். அவர் யூரியா மூட்டையை எண்ணுவதை நிறுத்தவில்லை.

நான்கு மாதம் கழித்துக் கோபிப் பக்கத்து இடம் ஒன்று அவளுக்கு அமைந்தது. பட்டியலில் போய், அவர்கள் பார்த்து, இவளுக்கும் பிடித்து, எல்லாம் முறைப்படி. அப்பாவும் மகளும் பத்திரிகை கொண்டுவந்தார்கள். பையில் ஆறு தேங்காய் இருந்தது. கம்பியில் மாட்டக் கை நீட்டிய என்னை அவள் தடுத்தாள்.

"மொதல்ல பொட்டியில முடிச்சுப்போடுங்க. நான் பாக்கோணும்."

நானூற்றுப் பன்னிரண்டைத் தட்டினேன். பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் என் விரல் கொஞ்சம் நின்றது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வரியை நான் பயத்தோடு எதிர்பார்த்தேன். 1 என்று வந்தது. ஊர்ல மூணாவது புள்ளை இருக்குதானு பாருங்க என்றாள். பார்த்தேன். அந்தப் பெண்ணின் வரி திறந்துதான் இருந்தது, போன வாரம்கூட அவள் தாள் இரண்டு வீட்டுக்குப் போயிருந்தது. அதற்கப்புறம்தான் பத்திரிகையை என் கையில் விட்டாள்.

அவர்கள் போனதும் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கினேன். உரக்கடைக்காரர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை எத்தனைங்க என்று கேட்டார். ஒண்ணு என்றேன். போன தடவை மூணு வந்துதுங்களே, பொட்டிக்கு வயசாயிருச்சுங்களா என்றார்.

ஆமாங்க என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினேன்.